பொற்கிண்ணமும் பாலாடையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சீர்காழிக் கோயிற் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையொன்று அழுத கதை தமிழறிந்தோர் அனைவரும் அறிந்ததே. தந்தையார் சிவபாத இருதயர் நீரில் மூழ்கியிருக்கிறார். கரையில் தனித்து நின்ற பிள்ளை தோணிச் சிகரத்தை நோக்கி அழுகிறது. அம்மையப்பர் விடைமேல் எழுந்தருளுகின்றனர். அதன் பின் நிகழ்ந்ததைப் பாடுமிடத்தில் சேக்கிழார் காட்டும் நுட்பம் ஒன்று பலராலும் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. உமையம்மை பிள்ளையை மார்போடு அணைத்து முலையூட்டினார் என்று அவர் பாடவில்லை. பாலைப் பொன் வள்ளத்தில் கறந்து, அவ்வள்ளத்தைப் பிள்ளையின் கையில் அளித்து உண்பித்தார் என்றே பாடுகிறார். ஈன்ற தாயல்லாத ஒருத்தியின் பால். மார்பிலிருந்து நேரே பருகாமல் கிண்ணத்தில் ஏந்தி உண்ட பால். இன்றைய மருத்துவமனைகளில் 'தாய்ப்பால் தானம்' என்று வழங்கும் செயலின் முழு வடிவமும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியம் ஒன்றில் இவ்வாறு அமைந்து கிடக்கிறது.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. நீராடிக் கரையேறிய தந்தையார் பிள்ளையின் கடைவாயில் பால் வழிவதைக் காண்கிறார். அவருக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, சினம் உண்டாகிறது. யார் தந்த பாலை உண்டாய், எச்சில் கலக்க இதை உனக்குத் தந்தவரைக் காட்டு என்று சிறு கோலொன்றை எடுத்து ஓங்குகிறார். பிள்ளையின் பசி தீர்ந்ததா என்பது அவர் கேள்வியன்று. கொடுத்தவர் யார் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடையாகத்தான் முதல் தேவாரத் திருப்பதிகம் பிறந்தது. தெய்வப் பிள்ளையாதலால் விண்ணைச் சுட்டிக் காட்ட முடிந்தது. சென்னையிலோ மதுரையிலோ ஓர் அரசு மருத்துவமனையில் 900 கிராம் எடையுடன் பிறந்து கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் குழந்தை எதைச் சுட்டிக் காட்டும்? சிவபாத இருதயரின் கேள்வியோ இன்னும் அப்பேழையைச் சுற்றி நின்றுகொண்டுதான் இருக்கிறது. இவ்வுரையின் பொருள் அதுவே.

முதலில் சொற்களைக் காண்போம். இலக்கிய வட்டத்தில் சொற்களிலிருந்து தொடங்குவதே முறை. தாய் என்னும் ஒரு சொல்லோடு தமிழ் அமைதி கொள்ளவில்லை. அகத்திணையில் ஈன்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலைவழியில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலியே. நற்றாய் வீட்டிலிருந்து புலம்புகிறாள். தோழி யார் என்னும் வினாவுக்குத் தொல்காப்பியம் தரும் விடை, செவிலியின் மகள் என்பது. தலைவிக்கும் தோழிக்கும் இடையே உள்ள ஒட்டுறவுக்கு உரைகாரர் எத்தனையோ விளக்கம் தந்திருக்கலாம். இருவரும் ஒருத்தி மடியில் வளர்ந்தவர் என்னும் எளிய செய்தி அவ்வளவுக்கும் அடியில் இருக்கிறது. நிகண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தாயரை ஐவகையாகப் பிரிக்கின்றன. அப்பிரிவில் முலைத்தாய் வேறு, ஊட்டுந்தாய் வேறு. பால் ஒருத்தியுடையது, ஊட்டும் கை இன்னொருத்தியுடையது என்பதைச் சொல்ல மொழியில் முன்பே இடம் இருந்தது. இன்று 'செவிலியர்' என்று மருத்துவமனை ஊழியரைக் குறிக்கிறோம். யாரோ ஒருத்தியின் பாலைப் பிறர் பெற்ற குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டும் அப்பெண்களுக்கு அப்பெயரைச் சூட்டியவர் எவராயினும், பழைய பொருள் அறிந்தே சூட்டியிருக்க வேண்டும்.

ஊட்டும் கருவிக்கும் தமிழில் பெயருண்டு. பாலாடை என்பது அது. இன்றைய இளைஞரிடம் கேட்டால் காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏட்டையே சொல்வர். வெள்ளியிலோ வெண்கலத்திலோ செய்யப்பட்டு, ஒருபுறம் மூக்குப்போல் நீண்டிருக்கும் சிறு கிண்ணத்தைப் பாட்டிமார் அறிவர். சில ஊர்களில் சங்கு என்பர். இரப்பர் காம்பு மாட்டிய புட்டியைக் கழுவித் தூய்மை செய்வது அரிது. பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் இடுவது எளிது. ஆதலால் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் மருத்துவர்கள் அதனைக் கையில் எடுத்தனர். ஆங்கில மருத்துவ இதழ்களில் 'பாலாடை' என்னும் தமிழ்ச் சொல் அவ்வாறே எழுத்துப் பெயர்ப்பாக இடம்பெற்றிருக்கிறது. கட்டுமரமும் மிளகுத் தண்ணீரும் ஆங்கிலம் ஏறிய வரலாற்றைப் பேசுவோர் இச்சிறு கிண்ணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மருத்துவமனைக்குள் நுழைவோம். நிறைமாதக் குழந்தை பிறந்த உடனே முலையைத் தேடிப் பற்றிக்கொள்ளும். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது கைவராது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் இசைவித்துச் செய்யும் ஆற்றல் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் அமைகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில்தான் பால் செல்லும். அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மில்லி போதும். அதை இரண்டு மணிக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு பங்கு வைத்தால் ஒரு வேளைக்கு இரண்டு மில்லிக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஒரு தாய் ஒருமுறை தரும் 100 மில்லி பால் இப்படிப்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒரு நாள் உணவாகிவிடும்.

இவ்வளவு சிறிய அளவுக்கு இவ்வளவு பாடு எதற்கு, மாவுப்பால் கரைத்துக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு; கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. குறைமாதக் குழந்தையின் குடல் முதிராத குடல். அதற்கு வரும் கொடிய நோய் ஒன்றில் குடற்சுவர் உயிரற்று அழுகிவிடுகிறது, காப்பாற்றுவது கடினம். இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு ஆலன் லூக்கஸ், டிம் கோல் என்னும் இருவர் செய்த ஆய்வு 1990இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தாய்ப்பால் மட்டுமே உண்ட குழந்தைகளைக் காட்டிலும் மாவுப்பால் மட்டுமே உண்ட குழந்தைகளிடம் இந்நோய் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. குழந்தையால் அவற்றைச் செரிக்க இயலாது. பின் எதற்காக அவை என்றால், குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாவதற்காக. குழந்தைக்கு உணவூட்டும் தாய், குழந்தைக்குள் வாழவிருக்கும் உயிர்களுக்கும் சேர்த்தே சமைத்து அனுப்புகிறாள். இதைவிட அழகான விருந்தோம்பலைக் கவிஞர் எவரும் கற்பனை செய்திருக்க இயலாது.

எனினும் இப்பால் கிண்ணத்துக்கு வந்து சேர்வது எளிதன்று. குழந்தை ஓர் அறையில், தாய் வேறோர் அறையில். அறுவையால் பிள்ளை பெற்றவளாயின் எழுந்து உட்காரவே நோவு. மார்பில் பால் ஊறுவதற்குக் குழந்தையின் தொடுகையும் அழுகுரலும் வேண்டும், அவை இல்லை. செவிலி வந்து கையால் பீய்ச்சும் முறையைக் கற்றுத் தருகிறாள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் மார்பெலும்பை நோக்கி உள்ளே அழுத்திப் பின் இரு விரலையும் நெருக்கி, விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தலாகாது. முதல் நாள் வருவது பொன்னிறச் சீம்பால், சில சொட்டுகளே. அச்சொட்டுகளைக் கண்டு 'எனக்குப் பாலே இல்லை' என்று அழாத தாய் அரிது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் தவறாமல் பீய்ச்ச வேண்டும். பால் சுரப்பைத் தூண்டும் நீர் இரவில் மிகுதி. எடுக்க எடுக்க ஊறுவதும் எடுக்காவிட்டால் வற்றுவதும் முலையின் இயல்பு. மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய வள்ளுவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது; அவ்வுவமை இங்கே உவமையாக இல்லாமல் உண்மையாகவே இருக்கிறது.

அச்சமும் வெட்கமும் பாலைத் தடுக்கும். இது வெறும் நம்பிக்கையன்று. பாலை வெளித்தள்ளும் சுரப்புநீர் மனக்கலக்கத்தால் தடைப்படுகிறது. குழந்தையின் உடையை முகர்ந்தபடியும், பேழைக்கு அருகில் அமர்ந்து குழந்தையைப் பார்த்தபடியும் பீய்ச்சினால் மிகுதியாக வருகிறது என்பதைச் செவிலியர் அனுபவத்தில் அறிவர். வெட்கத்துக்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. 'பால் கறந்து கொண்டு வா' என்று சொன்னால், தன்னை மாடென்று நினைத்தார்களா என்று முகம் சுளிக்கும் பெண்கள் உண்டு. ஆகையால் 'பீய்ச்சுதல்', 'பிழிதல்', 'எடுத்தல்' என்று சொல் மாற்றிச் சொல்லுகின்றனர். சேக்கிழாரோ உலகன்னைக்கே 'கறத்தல்' என்னும் வினையைக் கூச்சமின்றி ஆண்டார். வைதிக மரபிலும் அரசவையிலும் ஊறிய அப்புலவருக்கு இழிவாகத் தோன்றாத சொல் பின்னர் எப்போது இழிந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

வேலைக்குச் செல்லும் தாய்க்கும் இக்கலையே துணை. பீய்ச்சிய பாலைத் தூய கலத்தில் மூடி வைத்தால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. தமிழ்நாட்டுக் கோடையில் அதற்கும் குறைவாகவே கொள்வது நல்லது. குளிர்பெட்டி உள்ள வீட்டில் கவலை இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு மகப்பேற்று விடுப்பு 2021இல் பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பட்டது. நெசவுக் கூடத்திலும் கட்டட வேலையிலும் நிற்கும் பெண்ணுக்கு அந்நீட்சி எட்டவில்லை. அவள் பால் சேலை நனைந்து வீணாகிறது; குழந்தை வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறது. இதைப் பற்றி மேலும் நீட்டுவது இங்கு வேண்டியதில்லை, அறியாதார் இல்லை.

இனித் தாய்ப்பால் வங்கிகளின் வரலாறு. 1909இல் வியன்னாவில் முதல் நிலையம் தோன்றியது. அதற்குக் காரணராயிருந்த தியோடர் எஷரிக் என்பவரின் பெயரை வேறொரு காரணத்தால் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு சொன்னதால் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் 1919இல் ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலும் நிலையங்கள் எழுந்தன. 1934 மே 28 அன்று கனடாவில் ஒரு பண்ணை வீட்டில் ஒரே சூலில் ஐந்து பெண் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஐந்தும் சேர்ந்தே ஆறு கிலோ அளவுதான். தொராண்டோ, சிகாகோ முதலிய நகரங்களின் தாய்மார் தந்த பால் தொடர்வண்டியில் ஏறி அக்குழந்தைகளுக்கு வந்தது. ஐவரும் பிழைத்தனர். பிழைத்தவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசே காட்சிப் பொருளாக்கிக் கட்டணமின்றி ஊரெல்லாம் பார்க்க வைத்தது வேறு கதை, பாலின் குற்றமன்று.

1980களில் எய்ட்ஸ் நோய்க்கிருமி தாய்ப்பால் வழியும் பரவும் என்று தெரிந்தபோது மேலைநாடுகளில் பல வங்கிகள் மூடப்பட்டன. திறந்தவை நெறிமுறைகளை இறுக்கிக்கொண்டன. கொடுப்பவளின் குருதி சோதிக்கப்படும். பால் 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டு உடனே குளிர்விக்கப்படும். நுண்ணுயிர் உண்டா என்று வளர்த்துப் பார்த்தபின் உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் சேமிக்கப்படும். இவ்வெப்பம் கிருமிகளைக் கொல்லும். நோயெதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியையும் குறைத்துவிடும். ஆதலால் பெற்ற தாயின் பாலே முதன்மையானது. பிறள் பால் அதற்கு அடுத்தது. மாவுப்பால் அதற்கும் பின்னே. இவ்வரிசையை மறந்து கொடைப்பாலைப் போற்றுவோர் பெற்ற தாயின் முயற்சியைக் குறைத்துவிடுகின்றனர். நல்ல வங்கியின் முதல் வேலை பால் சேர்ப்பதன்று. அழுதுகொண்டிருக்கும் தாய்க்குத் தன் பாலையே கறக்கக் கற்றுத் தருவது.

பிரேசில் நாட்டைப் பற்றி ஒரு சொல். அங்கு 1985 முதல் இப்பணி புதிதாக ஒழுங்கு செய்யப்பட்டது. காப்பித்தூள் வரும் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் கொதிக்கவைத்துப் பால் கலமாக்கினர். பல ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகச் சென்று பாலைப் பெற்று வருகின்றனர். இன்று அந்நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட வங்கிகள் உள்ளன. தீயணைக்கும் கையில் பால் குப்பி! படிமம் தேடும் கவிஞர்களுக்கு இது காணிக்கை.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 நவம்பர் 27 அன்று மும்பை சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. அதனைத் தோற்றுவித்தவர் குழந்தை மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார். அம்மருத்துவமனையை அடுத்துள்ளது தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து குடிபெயர்ந்து தோல் பதனிட்டும் மண் சுமந்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பிறக்கும் இடம் அது. பெரும் செல்வரின் அறக்கட்டளையில் தோன்றாமல், ஏழைத் தாய்மார் படுத்திருக்கும் வார்டில் இவ்வங்கி தோன்றியது பொருளுடையது. தமிழ்நாட்டில் 2014இல் எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், 2015ஆம் ஆண்டு அறிவிப்பின்படி மேலும் சில அரசு மருத்துவமனைகளிலும் இவ்வமைப்பு வந்தது. 2017இல் நடுவணரசு இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பால் கொடுப்பவளுக்குப் பணம் இல்லை. பெறும் குழந்தைக்கு விலை இல்லை. தன் குழந்தைக்குப் போக மிஞ்சியதையே கொடுக்க வேண்டும்.

மீண்டும் சிவபாத இருதயரின் கேள்விக்கு வருவோம். பிற தாயின் பாலைக் கொடுக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். தாளை நீட்டும்போது தந்தையோ பாட்டியோ முதலில் கேட்பது நோயுண்டா என்று. அது நேர்மையான கேள்வி. அதற்குச் சோதனை முடிவு விடை சொல்லும். அடுத்து வரும் கேள்வியைச் சிலர் வாய்விட்டுக் கேட்பர். சிலர் கேளாமலே தயங்குவர். யார் தந்த பால்? எந்தத் தெரு? என்ன ஆளுங்க? குருதி ஏற்றும்போது எழாத கேள்வி பாலுக்கு எழுகிறது. பாலோடு குணமும் ஊறும், குலமும் ஊறும் என்னும் பழைய எண்ணம் அவ்வளவு எளிதில் வற்றுவதில்லை. வங்கி அதற்கு விடை தருவதில்லை. பல தாயர் பாலை ஒன்றாகக் கலந்து வெப்பமூட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது விடை தரவும் முடியாது. கலத்தின் மேல் இருப்பது எண், நாள், அளவு. சரவணப் பொய்கையில் ஆறு கார்த்திகைப் பெண்டிர் பாலை உண்டு வளர்ந்த முருகனைத் தமிழ்க் கடவுள் என்று கொண்டாடும் மக்கள், ஆறு பெண்களின் பால் ஒரு கலத்தில் சேர்ந்தால் அஞ்சுவது விந்தை. அக்கார்த்திகைப் பெண்டிரின் குலத்தை எந்தப் பக்தனும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆயின், 'யார் தந்த பால்' என்னும் கேள்வி எப்போதும் இழிந்த கேள்வியன்று. இதைச் சொல்லாவிட்டால் உரை ஒருபக்கமாகிவிடும். இசுலாமிய நெறியில் பாலுறவு இரத்த உறவுக்கு நிகரானது. ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பினர். அவர்களுக்குள் மணம் கூடாது. நபிகள் நாயகத்துக்குப் பாலூட்டிய அலிமாவைப் போற்றி உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமே அமைத்தார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பால்குடித் தாயை மதிக்கும் குடும்பங்கள் அவ்வுறவை மறப்பதில்லை. பெயரற்ற கலப்புப் பாலை உண்ட குழந்தை வளர்ந்து, தன் பால் உடன்பிறப்பென்று அறியாமலே ஒருத்தியை மணந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. 1985இல் ஜித்தாவில் கூடிய இசுலாமியச் சட்ட அவை, முசுலிம் நாடுகளில் இத்தகைய வங்கிகள் வேண்டா என்று தீர்மானித்தது. எகிப்தியப் பேரறிஞர் யூசுப் அல் கர்ளாவி வேறாகக் கருதினார். மார்பில் பற்றிக் குடித்தாலன்றி அவ்வுறவு உண்டாகாது என்பது அவர் வாதம். 2019இல் டாக்காவிலும் 2024இல் கராச்சியிலும் தொடங்கவிருந்த வங்கிகள் எதிர்ப்பால் நின்றன.

இங்கே ஒரு முரண் எழுகிறது. சாதி கேட்பவன் முன் கொடுத்தவளின் பெயரை மறைப்பதே அறம். பாலுறவைப் பேணுபவன் முன் பெயரைச் சொல்லுவதே அறம். முன்னவன் உறவு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். பின்னவன் வந்த உறவைத் தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறான். இருவர் கேள்வியும் ஒரே சொற்களால் ஆனது. இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிடுவது அறியாமை. கலக்காமல் தனித்தனியே பதப்படுத்தி, இரு குடும்பமும் அறிந்து எழுதி வைத்துக்கொள்ளும் வழி உண்டு. செலவும் உழைப்பும் கூடுதலாகும். அவ்வழியைத் திறந்து வைப்பதில் தவறில்லை என்றே தோன்றுகிறது.

கொடை இருக்குமிடத்தில் வணிகம் நுழையாமல் இராது. பழங்காலச் செவிலி தன் பிள்ளையின் பங்கைத்தான் அரசிளங்குழந்தைக்குக் கொடுத்தாள். அவள் பிள்ளை என்ன உண்டது என்பதை எந்தக் காப்பியமும் கூறவில்லை. தோழியின் குழந்தைப் பருவத்துப் பசியைப் பாடிய புலவர் இல்லை. அண்மையில் கம்போடியாவில் ஏழைப் பெண்களின் பாலை வாங்கி உறைய வைத்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். 2017இல் அந்நாட்டு அரசு அதனைத் தடை செய்தது. இந்தியாவில் 2024 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பாலை விற்கலாகாது என்று அறிவுறுத்தியது. அதையடுத்துச் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் புட்டிகளில் தாய்ப்பால் விற்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டுக் கடை முத்திரையிடப்பட்டது. வாங்கியவர் பசித்த குழந்தையின் பெற்றோராகவே இருந்திருக்கக் கூடும். விற்றவள் கையில் என்ன கிடைத்தது, அவள் குழந்தைக்கு என்ன மிஞ்சியது என்பவை அச்செய்திகளில் இல்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளை இறந்துவிட்டாலும் பால் வரும். உடலுக்குச் செய்தி எட்டுவதில்லை. பிரசவித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மார்பு கல்லாகக் கனக்கிறது, நோவெடுக்கிறது, அடுத்த கட்டிலில் யார் குழந்தையோ அழுதால் தானே கசிகிறது. ஊர்ப்புறத்தில் துணியால் இறுகக் கட்டுவர். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவதும் உண்டு. பால் வற்றும் என்பர். இது பாட்டி வைத்தியமாகவே இருந்தது. 1988இல் தமிழகத்து மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து, மல்லிகைக்குப் பால் சுரப்பைக் குறைக்கும் ஆற்றல் உண்மையாகவே உண்டு என்று எழுதினர். மல்லிகையைத் தமிழ்க் கவிதை கூந்தலிலும் பந்தலிலும் கட்டிலிலும் கண்டிருக்கிறது. இழந்த தாயின் மார்பில் வெந்து கருகும் மல்லிகையை எத்தனை பேர் கண்டனர்?

அந்நிலையில் ஒரு பெண் பாலைக் கட்டி வற்றச் செய்யலாம், அது அவள் உரிமை, யாரும் வற்புறுத்தலாகாது. சிலர் வேறொன்று செய்கின்றனர். பாலைக் கறந்து வங்கிக்குக் கொடுக்கின்றனர். அமெரிக்காவில் சில வங்கிகள் இவ்வாறு கொடுத்த தாயரின் இறந்த குழந்தைகள் பெயரைச் சுவரிலோ மரவடிவிலோ பொறித்து வைக்கின்றன. நாளடைவில் எடுக்கும் இடைவெளியை நீட்டி நீட்டிச் சென்றால் பால் தானே குறையும், நோவும் இராது. சிலர் சில நாள் கொடுக்கின்றனர், சிலர் வாரக்கணக்கில். கையில் பிள்ளை இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு எழுந்து அமர்ந்து, விரலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்துகிறாள். எந்தத் தெய்வமும் விடைமேல் வந்து பொற்கிண்ணம் தரவில்லை. கையிலிருப்பது எஃகுக் கிண்ணம். புறநானூற்றில் மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டு, அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளெடுத்துக் களம் புகுந்த மூதாட்டியைத் தமிழர் அறிவர். சிலம்பில் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவளையும் அறிவர். மார்பின் சினத்தைப் பாடிய மொழி இது. நள்ளிரவில் எஃகுக் கிண்ணத்தை ஏந்தியிருக்கும் இப்பெண்ணைப் பற்றிய பாடலை இம்மலரின் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. கவிஞர்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

காலையில் செவிலி வந்து கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறாள். குப்பியில் ஊற்றி, மூடி, எண்ணும் நாளும் எழுதி ஒட்டுகிறாள். அளவு: 60 மில்லி.